பின் சீட்டில் பிரேக் மாஸ்டர்

பிரேக் மாஸ்டர் என்று சொன்னால்தான் அந்த வட்டாரத்தில் ஆளைத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஆபத்து வந்தால் அழுத்துவதற்காக வைத்தது அது. ஆனால் ஆபத்து வந்து சேரும்வரை காத்திருக்கிற பொறுமை மாஸ்டருக்கு ஏது? தெருக்கோடியில் ஒரு நாய் சோம்பல் முறித்தாலே கால் போய்விடும். வண்டி குலுங்கி நிற்கும். ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐயோ நாம்தான் எதையோ மிதித்துவிட்டோம் என்று வியர்த்துப் போவார்.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தும் அடங்கியதில்லை. பஸ்ஸில் போனாலும் தரையை மிதித்துக்கொண்டேதான் போவார். பால் பொங்கும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். யார் எந்த வேலையை முடித்து வைத்தாலும் தானும் ஒரு கை போட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். கட்டிய மூட்டையை அவிழ்த்துக் கட்டுவார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் கொஞ்சம் அசட்டையானவர்கள் என்கிற நம்பிக்கை, அவ்வளவுதான்.

மகளைக் கட்டியவர் இதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. கடுகளவு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் பேசாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய மனிதர். கல்யாணம் ஆன பிறகு மாமனாரிடமே கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே அவசர முடிவு அதுதான். "மாப்பிள்ளை, கொஞ்சம் கண்ணாடியைப் பாருங்க" என்று மரியாதை ஒரு துளியும் குறையாமல் மாஸ்டர் அவர் உயிரை வாங்கினார். இப்போது அவர் சொந்தமாகக் கார் வாங்கி நன்றாகவே ஓட்டுகிறார். இருந்தாலும் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் கழுத்து தானாக விறைத்துக்கொள்ளும்.

இந்த வீட்டில்தான் மகளுக்கு ஒரு பெண் குழந்தை சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னதாகவே வந்து பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், குழாய் வைத்தார்கள், எடுத்தார்கள். மெல்ல மெல்லப் பால் குடித்தது, எடை ஏறியது. ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. தூங்கும்போது சில சமயம் மூச்சு விட மறந்துபோகும். மறப்பது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். மூச்சை நடத்துகிற மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை, நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்றார். மாஸ்டருக்கு இது பிடிபடவே இல்லை. மூச்சு விடக்கூட ஒருத்தர் மறப்பாரா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார்.

பிறகு அந்த மறதியும் நின்றது. வீட்டுக்கு அழைத்துப் போகலாம், ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. குழந்தை எந்தக் கார் சீட்டில் பயணம் செய்யப் போகிறதோ அதே சீட்டில் உட்காரவைத்து, வீடு போய்ச் சேரும் நேரத்துக்குக் குறையாமல் மூச்சையும் இதயத் துடிப்பையும் மானிட்டரில் பார்ப்பார்களாம். இப்படிப்பட்ட குழந்தைக்குக் கழுத்தில் பலம் இருக்காது. தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழாய் மடங்கிக்கொள்ளும். குழந்தை அழக்கூடச் செய்யாது. நன்றாகத் தூங்குகிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மகளும் மாப்பிள்ளையும் இதைப் பக்கத்தில் நின்று கேட்டார்கள். மாஸ்டருக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதே. அவர் அப்போது வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். சீட் வாங்கி வர வேண்டுமாம் என்கிற சேதி மட்டும்தான் அவர் காதுக்கு வந்தது.

மாப்பிள்ளை சீட் வாங்கி வந்தார். கூட வந்த புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வரி விடாமல் படித்தார். பட்டைகளைத் தோளுக்குச் சரியாக இறக்கினார். சீட்டின் அடியில் இருந்த லீவரைத் திருகி, பச்சிளம் குழந்தைக்கு என்று போட்டிருந்த குறி வரைக்கும் பின்னால் சாய்த்து வைத்தார். அத்தை, அதாவது மாஸ்டரின் மனைவி, அன்போடு தைத்து வைத்திருந்த குட்டித் தலையணை இரண்டையும், பெட்டியோடு வராத எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தைக்கு அன்றைக்கே முகம் சுண்டிப்போயிற்று.

சோதனை நாளன்று காலை, ஆஸ்பத்திரி வாசலில் சீட்டை இறக்கி வைத்துவிட்டு மாப்பிள்ளை காரை நிறுத்த இடம் தேடிப் போனார். மாஸ்டர் சீட்டும் தானுமாக நின்றார். பார்த்தார். சாய்ந்து கிடந்தது. வண்டியில் ஏறும் யாருக்கும் அவர் சொல்லித் தரும் முதல் பாடம் முதுகை நிமிர்த்தி உட்காருவது. "இது கட்டில் இல்ல, சீட்டு" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரை நிமிர்த்தியவர். சாய்ந்த சீட்டைக் கண்டால் அவர் கைக்கு அரிப்பெடுக்கும். குனிந்தார். லீவரை இழுத்தார். இரண்டு படி நிமிர்த்தினார். இப்போதுதான் சீட்டு மாதிரி இருக்கிறது என்று தனக்குத்தானே திருப்திப்பட்டுக்கொண்டார்.

சோதனை அறை சின்னது. சிஸ்டர் குழந்தையை உட்காரவைத்துப் பட்டை மாட்டினார். மானிட்டரின் ஒயரைக் காலில் ஒட்டினார். எல்லாவற்றையும் சரிபார்க்கப் போன அவரைப் பக்கத்து அறையில் அழுத ஒரு குழந்தை இழுத்துக்கொண்டது. இதோ வந்துவிட்டேன் என்று போனார். குழந்தை தூங்கியது. தலை கொஞ்சம் முன்னால் வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. தாடை நெஞ்சில் போய்ப் பட்டது. என்ன அழகாகத் தூங்குகிறாள் பார் என்று மாஸ்டர் மனைவியிடம் சொன்னார். சொல்லி முடிக்கவில்லை, மானிட்டர் அலறத் தொடங்கியது. திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. குழந்தையின் உதட்டைச் சுற்றி நீலம் ஓடியது. மாஸ்டரின் கால் தரையை ஓங்கி மிதித்தது.

சிஸ்டர் ஓடி வந்து தலையைப் பிடித்து நிமிர்த்தி, பட்டையைக் கழற்றிக் குழந்தையைத் தூக்கினார். பாதத்தைத் தேய்த்தார். எண்கள் ஏறின. குழந்தை மெல்லச் சிணுங்கியது. அதன் பிறகுதான் சிஸ்டர் சீட்டின் அடியைப் பார்த்தார்.

"இதை இப்படி நிமிர்த்தி வச்சது யாரு?"

மாப்பிள்ளை லீவரைப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார்.

"நான்தான் சிஸ்டர். கவனிக்கல" என்றார் மாப்பிள்ளை.

அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. புத்தகம் படித்தால் மட்டும் ஆயிற்றா, தலையணையைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவருக்கு லீவரைப் பார்க்கத் தெரியாதா என்று வராந்தா முழுக்க ஜாடையாகப் பேசித் தீர்த்தார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் ஒருத்தர் ஒரு தப்புச் செய்தால் அதைச் சொல்லாமல் நகராத மாஸ்டர், அன்றைக்குத் தன் தப்புக்கு இன்னொருத்தர் திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு மாஸ்டரைப் பிடிக்கும். ஆனால் அந்த வராந்தாவில் அவர் நின்ற நிலையை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வகுப்புக்குப் போனார். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி ஓட்டினார். ஓரமாக நின்ற ஒரு வேனை நோக்கி வண்டி நேராகப் போனது. மாஸ்டரின் கால் அசையவில்லை. அவர் கண் முன்னால் இருந்தது வேன் அல்ல, நெஞ்சில் கவிழ்ந்த ஒரு தாடை. கடைசி நொடியில் அந்தப் பெண்மணியே பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டு, என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவர் பாதி வகுப்பில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்.

இரண்டாவது சோதனை நடந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளை சீட்டைச் சாய்த்து வைக்க, சிஸ்டர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டார். மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். குழந்தை ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தது. முடியப் போகிற சமயத்தில் எண்கள் மறுபடி இறங்கின. அவ்வளவு மோசமாக இல்லை, ஆனால் இறங்கின. உட்கார்ந்து போகிற பயணம் இவளுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். படுத்தபடியே போவதற்குக் காருக்கென்றே செய்த படுக்கை ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. அதில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பட்டை போட்டு, வழியில் எங்கும் சுற்றாமல் நேரே வீட்டுக்குப் போக வேண்டும். கழுத்து தேறியதும் மறுபடி சீட்டில் பார்க்கலாம் என்றார்.

மாஸ்டர் சிஸ்டரைத் தனியாகப் பிடித்தார். அன்றைக்குச் சீட் நிமிர்ந்திருந்ததால்தான் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டதா என்று கேட்டார். கேட்கும்போதே கைக்குட்டையைக் கசக்கினார்.

"அதனால அன்னிக்கு சீக்கிரம் ஆச்சு, மோசமாவும் ஆச்சு. ஆனா கழுத்து இன்னும் தயாராகலைங்க. அது யாரோட தப்பும் இல்ல" என்றார் சிஸ்டர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க நடந்ததால சரி. வழியில நடந்திருந்தா தூங்குதுன்னு விட்டிருப்பீங்க" என்றார்.

முதலில் சொன்னது மாஸ்டருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவர் காதில் ஒட்டிக்கொண்டது இரண்டாவதுதான். என்ன அழகாகத் தூங்குகிறாள் என்று சொன்னது அவர்தானே.

வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. படுக்கையைப் பின் சீட்டில் குறுக்காக வைத்து, தலைப்பக்கம் கதவுப் பக்கம் வராமல் உள்ளே இருக்கும்படி சிஸ்டர் கட்டிக் காட்டினார். மீதி இடத்தில் ஒருத்தர்தான் உட்காரலாம். அந்த ஒருத்தருக்கு வேறு எந்த வேலையும் கூடாது. பேசக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதட்டின் நிறம் என்ன என்று வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். மூச்சு நின்ற மாதிரி தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிப் பாதத்தைத் தேய்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு எப்படி மூச்சு ஊத வேண்டும் என்பதையும் ஒரு பொம்மையை வைத்து வீட்டார் எல்லோருக்கும் முன்பே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

யார் உட்காருவது? ஓட்டப் போவது தான்தான் என்று மாஸ்டர் தீர்மானித்திருந்தார். மகள் பின்னால் இருப்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மகளோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையை ஆட்டினாள். நாள் கணக்கில் தூங்காத உடம்பு. காலையில் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது அவளுக்கு. கார் ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூடத் தாங்க மாட்டேன் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பெற்றவளுக்கு அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"அவர் ஓட்டட்டும். அப்பா, நீங்க பின்னாடி உட்காருங்க."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னால் முடியாது என்றார். அம்மா உட்காரட்டும் என்றார். அம்மாவுக்குக் காரில் ஏறினாலே தலை சுற்றும் என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் நாற்காலி பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டார். மாப்பிள்ளை சற்றுத் தள்ளிக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி பைகளோடு நின்றாள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றே சொன்னார்.

"அம்மாடி, அன்னிக்கு சீட்டை நிமிர்த்தினது மாப்பிள்ளை இல்ல. நான்."

"தெரியும்ப்பா."

"அவர் சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. சாய்ஞ்சிருக்கிற எதையாவது நீங்க விட்டு வச்சிருக்கீங்களா?" அவள் சிரிக்கவில்லை. "அதனாலதான் உங்களை உட்காரச் சொல்றேன். இனிமே உங்களுக்குத்தான் அவ மேலருந்து கண்ணை எடுக்க முடியாது."

மனைவி பைகளைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளை துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். மாஸ்டர் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

மகள் முன் சீட்டில் ஏறினாள். மனைவி பைகளோடு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வண்டி கிளம்பியது. முப்பது வருஷம் காரிலேயே காலத்தைக் கழித்தவர், ரோட்டைப் பார்க்காமல் போன முதல் பயணம் அதுதான். காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு லாரி மூச்சிரைத்தது. ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது. வண்டி வேகம் பிடித்தது, குறைந்தது, திரும்பியது. ஒவ்வொன்றுக்கும் அவர் கழுத்து நிமிரத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன நெஞ்சு. அதற்கு மேல் ஒரு சின்ன வாய். ஏறுகிறது, இறங்குகிறது. ஏறுகிறது, இறங்குகிறது. நடுவில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு மறுபடி ஏறுகிறது. இந்தக் குழந்தைகள் இப்படித்தான் விட்டு விட்டு மூச்சு விடும், அதற்கெல்லாம் பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பயப்படாமல் இருப்பது எப்படி என்று சொல்லவில்லை.

பாலத்தில் நெரிசல். வண்டி ஊர்ந்தது. வெயில் கண்ணாடி வழியாகக் குழந்தையின் முகத்தில் விழுந்து, நிறமே தெரியாமல் போயிற்று. மாஸ்டர் தன் கையை நீட்டி வெயிலை மறைத்தார். நிழல் விழுந்ததும் உதடு கறுத்த மாதிரி இருந்தது. நிழலா, நீலமா? கையை எடுத்தார், வெயில். வைத்தார், நிழல். நெஞ்சைப் பார்த்தார். இறங்கியிருந்தது. ஏறவில்லை. ஏறும் என்று காத்திருந்தார். ஏறவில்லை.

"மாப்பிள்ளை, ஓரம் கட்டுங்க."

கத்தவில்லை. மாப்பிள்ளை ஏன் என்றும் கேட்கவில்லை. விளக்கைப் போட்டு, பாலத்தின் ஓரத்தில் குலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினார். மாஸ்டர் போர்வையை விலக்கிக் குழந்தையின் பாதத்தை விரலால் தேய்த்தார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். குழந்தை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, பெரிதாக ஒரு மூச்சை இழுத்தது. பிறகு இன்னொன்று. உதடு சிவந்தே இருந்தது. பின்னால் ஹாரன்கள் திட்டித் தீர்த்தன. மூவரும் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

மகள் விழித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "அப்பா?" என்றாள்.

"விடுறாம்மா. மூச்சு விடுறா."

இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளை டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். நிறம் மாறியதா, தானாகவே மூச்சு விடுகிறாளா என்று கேட்டுக்கொண்டு, வீடுதான் பக்கம், போய்ச் சேருங்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் யோசிக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார் அவர். வண்டி மறுபடி கிளம்பியது. மீதி வழியில் குழந்தை ஒழுங்காக, கொஞ்சம் கோபமாகவே, மூச்சு விட்டுக்கொண்டு வந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது மாஸ்டருக்குத் தெரியவில்லை. வந்துவிட்டோம் மாமா என்று மாப்பிள்ளை கதவைத் திறந்து சொன்ன பிறகும் அவர் குனிந்தே இருந்தார். குழந்தையை இந்தப் படுக்கையிலேயே தூங்க விடக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால், பட்டையைக் கழற்றி எடுத்து உள்ளே கொண்டுபோய், தலையணை எதுவும் இல்லாத கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் போட்டார்கள். மகள் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தாள், சாய்ந்தவுடன் தூங்கிவிட்டாள். மாஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வீட்டில் மானிட்டர் இல்லை. அலறி எழுப்புவதற்கு எதுவும் இல்லை. பயணம் முடிந்தால் முடிந்துவிடும் என்று அவர் எண்ணியிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து போனால் அவருக்கு உயிர் போய்விடும் போலிருந்தது. உட்கார்ந்தே இருந்தாலும் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை.

மாப்பிள்ளை கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"நீங்க எழுந்திருங்க மாமா. நான் பார்த்துக்கறேன்."

மாஸ்டர் எழுந்தார். ஸ்டூலைக் கொடுத்தார். மாப்பிள்ளை உட்கார்ந்து, லென்ஸைப் பார்ப்பதுபோல் முகத்தைத் தாழ்த்திக் குழந்தையைப் பார்க்கத் தொடங்கினார். மாஸ்டர் நகரவில்லை.

"மாப்பிள்ளை, உதட்டைப் பாருங்க. வெளிச்சம் விழுந்தா நிறம் தெரியாது, அப்போ நெஞ்சை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். லீவரைத் தொட்ட கை அவருடையதுதான். தனக்குச் சேராத திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவர் இந்த ஸ்டூலில் இருந்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் அந்த அறையை விட்டு வெளியே போனார்.